எந்தக் குச்சியில் காய்க்கும்? மலைத்தோட்டத்தில் பிளம்ஸும் பீச்சும்

"அக்கா, இந்தக் கொட்டையை மதுரையில ஊன்றி வச்சா மரம் வருமா?"

மே மாதம் கொடைக்கானல் வருகிறவர்களில் யாராவது ஒருவர் பிளம்ஸ் கூடைக்கு முன்னால் நின்று இதைக் கேட்காமல் போவதில்லை. மரம் வரலாம், காய் வராது என்பேன். முகம் சுருங்கிவிடும். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் நிற்கிற வேன்காரர் ஹாரன் அடிப்பார். அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். மலையில் கொஞ்சம் நிலம் இருந்து, பிளம்ஸோ பீச்சோ வைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்குத்தான் முக்கியமாக இது. கீழ்நாட்டுக்காரர்கள் பழத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதற்காகப் படிக்கலாம்.

நான் வத்தலக்குண்டில் பிறந்தவள். மாவும் தென்னையும் பார்த்து வளர்ந்து, கல்யாணமாகிக் கொடைக்கானல் மலையில் பள்ளங்கிப் பக்கம் வந்தேன். மாமனார் வைத்த மரங்களை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் குளிர். பிளம்ஸும் பீச்சும் இலையுதிர்க்கும் மரங்கள். மழைக்காலம் முடிந்து குளிர் ஏறும்போது இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கப் போகும். அந்தத் தூக்கம் கலைவதற்கு வெயில் மட்டும் போதாது. அதற்கு முன்னால் போதுமான குளிரை மரம் அனுபவித்திருக்க வேண்டும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் இருந்தது என்று கூட்டிப் பார்ப்பதுதான் பழைய கணக்கு. இமாசலத்தில் வைக்கிற எல்பர்ட்டா வகைப் பீச்சுக்கு ஏறத்தாழ 800 மணி நேரம் வேண்டும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃப்ளோர்டாபிரின்ஸ் 150 மணி நேரத்திலேயே எழுந்துவிடும். பகலில் வெயில் நன்றாக ஏறினால் இரவில் சேர்ந்த குளிரில் ஒரு பங்கு கழிந்தும் போகும்.

இதனால்தான் சமவெளியாக இருந்தும் பஞ்சாபில் பீச் காய்க்கிறது, மதுரையில் காய்ப்பதில்லை. லூதியானாவில் ஜனவரி இரவு 5, 6 டிகிரிக்கு இறங்கும். மதுரையில் அதே இரவு 20 டிகிரி. மதுரையில் முளைத்த கன்று வருஷம் முழுக்க இலையோடு நிற்கும், உயரமும் போகும். பூ மொட்டு விழிக்கவே விழிக்காது. மாடித் தோட்டத்தில் ஐஸ் கட்டி கொட்டி வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி, அந்தச் செலவுக்குச் சீசன் முழுக்க பழமே வாங்கித் தின்னலாம்.

கொடைக்கானல், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நமக்குக் கிடைப்பது நடுத்தரக் குளிர்தான். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானலின் சராசரி இரவு வெப்பம் 8 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏரிப் பக்கத்துப் பள்ளங்களில் புல்வெளி வெளுக்கிற அளவுக்கு உறைபனி விழும். மேட்டு நிலத்தில் அவ்வளவு விழாது. ஆகவே காஷ்மீர், இமாசல வகைகளைப் பேருக்காக வாங்கி வராதீர்கள். குளிர் போதாத மரம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்தால் மறக்காது: கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை, கீழே மொட்டையாக நீளக் குச்சி, ஒரு பூ ஜனவரியில், இன்னொன்று மார்ச்சில், பீச்சாக இருந்தால் மொட்டு விரியாமலே உதிரும்.

1,500 மீட்டருக்குக் கீழே நிலம் இருந்தால் பீச்சை விட்டுவிட்டு காப்பி, அவகேடோ, மலைவாழை என்று போவது நல்லது. 1,800-க்கு மேலே இருந்தால் தைரியமாக வைக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை இங்கே ஒரு தொந்தரவு. அக்டோபர், நவம்பரில் நல்ல மழை வாங்கிய மரம் தழைத்துக்கொண்டே இருக்கும், தூங்கப் போகாது. அந்த நேரத்தில் யூரியா போட்டால் கேட்கவே வேண்டாம். ஆகஸ்டுக்குப் பிறகு நான் தழைச்சத்து எதையும் மரத்துக்குக் காட்டுவதில்லை. டிசம்பரில் தானாக இலை கொட்டாத மரத்துக்குத் தண்ணீரையும் நிறுத்திவிடுவோம்.

இனி பழத்தைப் பற்றிக் கொஞ்சம். பிளம்ஸ், பீச், ஏப்ரிகாட், செர்ரி, பாதாம் எல்லாம் புரூனஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மேலே தோல், நடுவே சதை, உள்ளே கல் மாதிரி ஓடு, அதற்குள் பருப்பு. மாம்பழத்துக்கும் இதே அமைப்புதான். பாதாமில் நாம் சதையை எறிந்துவிட்டுப் பருப்பைத் தின்கிறோம், பீச்சில் நேர்மாறு. நெக்டரின் என்று சூப்பர்மார்க்கெட்டில் வழவழப்பாக விற்பதைப் பிளம்ஸும் பீச்சும் கலந்த கலப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது பீச்சேதான், மேல் ரோமம் வராமல் செய்கிற ஒரு மரபணு மாற்றம், அவ்வளவு. பிரியாணிக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் வருகிற ஆல்பக்கோடா உலர்ந்த பிளம்ஸ்தான், ஆனால் ஐரோப்பிய இனம். அதற்கு நம்மிடம் இருப்பதைவிட நிறையக் குளிர் வேண்டும். நம் மலையில் இருப்பது ஜப்பானியப் பிளம்ஸ் என்று சொல்லப்படுகிற, சீனாவில் தோன்றிய இனம்.

கொட்டைக்குள் இருக்கிற பருப்பைத் தின்னக் கூடாது. பீச், பிளம்ஸ், ஏப்ரிகாட் பருப்பில் அமிக்டாலின் என்ற பொருள் இருக்கிறது. மென்றால் வயிற்றுக்குள் போய் சயனைடு ஆகும். வாசனை பாதாம் எசன்ஸ் மாதிரி ஜோராக இருப்பதால் பிள்ளைகள் கல்லால் உடைத்துத் தின்னப் பார்ப்பார்கள். தெரியாமல் ஒரு கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, ஓடு கரையாது. உடைத்துத் தின்பதும் அரைத்துப் பால் எடுப்பதும்தான் ஆபத்து.

கொட்டையிலிருந்து கன்று எடுக்க ஆசையிருந்தால் பீச்சில் செய்யலாம். நன்றாகப் பழுத்த பழத்தின் கொட்டையைக் கழுவி, ஈரமணலில் புதைத்து, டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 10, 12 வாரம் வைத்தால் குளிர்காலம் முடிந்தது என்று விதை நம்பிவிடும். பிறகு ஊன்றினால் முளைக்கும். ஆனால் முளைத்து வருவது தாய் மரத்தின் பழத்தையே கொடுக்கும் என்று சொல்ல முடியாது. பிளம்ஸில் அது இன்னும் மோசம். விதைக் கன்றை வேருக்கு வைத்துக்கொண்டு, மேலே தெரிந்த வகையை ஒட்டுக் கட்டுவதே வழக்கம். பீச் வேரில் பிளம்ஸும் ஒட்டும்.

வகையும் ஜோடியும்

பீச் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஒற்றை மரம் வைத்தாலும் கவலையில்லை. ஜே.எச். ஹேல் என்ற பழைய வகை மட்டும் விதிவிலக்கு. அதன் மகரந்தம் மலடு.

பிளம்ஸ் அப்படி இல்லை. ஜப்பானியப் பிளம்ஸ் வகைகளில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு வகை மரம் பக்கத்தில் அதே நாட்களில் பூத்தால்தான் காய். "மரம் பூத்துக் குலுங்குது, ஒரு காய் நிக்கல" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை மரம் என்பதில்லை, எத்தனை வகை என்பது. ஒரே வகையில் 50 மரம் வைத்தாலும் அது ஒரு மரம் வைத்த மாதிரிதான். பஞ்சாபில் சட்லஜ் பர்ப்பிள் வகையை வைக்கிறவர்கள் நடுநடுவே காலா அமிர்தசரி மரம் வைப்பது இதற்காகத்தான்.

நம் மலைகளுக்கு ரூபியோ, ஹேல், அபண்டன்ஸ், காவியோட்டா, ஷைரோ, கெல்சி என்ற பிளம்ஸ் பெயர்களைத் தோட்டக்கலைக்காரர்கள் சொல்வார்கள். பிளம்ஸிலும் ஒரு ஹேல் உண்டு, மேலே சொன்ன பீச் வேறு. கெல்சி 1870-இல் ஜப்பானிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன வகை. பழுத்தாலும் பச்சை கலந்த மஞ்சளாகவே இருக்கும்; ஷைரோவும் மஞ்சள். இனிப்பில் இரண்டும் குறைவில்லை, ஆனால் சிவப்பாக இல்லாததைக் "காய்" என்று சொல்லி வாடிக்கையாளர் தொட மாட்டார். வீட்டுக்கு வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டியதில்லை. புதுப் பழ வகைகளை உருவாக்கிய அமெரிக்கர் லூதர் பர்பாங்க் 1906-இல் வெளியிட்ட சாண்டா ரோசா ஓரளவு தன்னிலேயே காய் பிடிக்கும், பக்கத்து மரத்துக்கும் மகரந்தம் கொடுக்கும். நம் பக்கத்தில் நல்ல குளிர் விழுகிற மூலைகளுக்கு அது சரிப்படும். பீச்சில் ஃப்ளோர்டாசன் போன்ற குறைந்த குளிர் வகையைத் தேடுங்கள்.

ஏற்கெனவே ஒற்றைப் பிளம்ஸ் மரம் நிற்கிறது, இடமும் இல்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, அதே மரத்தின் ஒரு கிளையில் வேறு வகையை ஒட்டுவது. இரண்டாவது, அந்தந்த வருஷத்துக்கு மட்டும்: பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வேறு வகையில் பூத்த கிளை நாலைந்து வெட்டி வந்து, தண்ணீர் பாட்டிலில் செருகி மரத்தின் நடுவே கட்டிவிடுவது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒரு வாரம் தாங்கும். மீதி வேலை தேனீயுடையது. பூக்கிற சமயம் ஜனவரி, பிப்ரவரி. குளிர் மூடிய நாளில் தேனீ கூட்டை விட்டு வெளியே வராது, வெயில் எட்டிப் பார்க்கிற பதினொரு மணிக்குப் பறக்கும். அந்த வாரங்களில் எங்கள் தோட்டத்தில் எந்த மருந்தும் தெளிக்க விடுவதில்லை.

நடவு

சரிவின் நடுப்பகுதி நல்லது. பள்ளத்தின் அடியில் வைக்காதீர்கள். குளிர்காற்று கனமானது, இரவில் வழிந்து அங்கே போய்த் தேங்கும். விரிந்த பூவுக்கு மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனாலே சேதம் ஆரம்பம். தண்ணீர் தேங்குகிற இடமும் கூடாது. பீச் வேர் இந்த விஷயத்தில் ரொம்பவும் பொல்லாதது, சில நாள் மூழ்கினாலே செத்துவிடும். பீச் பட்டுப்போன குழியிலேயே மறுபடியும் பீச் வைக்க வேண்டாம். மண் பழைய வேரின் நோவோடு இருக்கும், புதுக் கன்று தேறாது.

குழி மூன்றடிக்கு மூன்றடி கூட வேண்டாம், 60 செ.மீ. நீளம், அகலம், ஆழம் போதும். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, மண் அமுங்க ஒரு மழை விட்டு நடுங்கள். இடைவெளி பீச்சுக்கு 4 மீட்டர், பிளம்ஸுக்கு 5 மீட்டர் வரை. நம் மலை மண் பெரும்பாலும் புளிப்பு. மண் பரிசோதனையில் பி.எச். 5.5-க்குக் கீழே வந்தால் சுண்ணாம்பு இட வேண்டும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும். கவரில் இருக்கிற கன்றை ஜூன், ஜூலையில் நடலாம். மண் இல்லாமல் வெறும் வேரோடு வருகிற கன்று என்றால் இலையில்லாத டிசம்பர், ஜனவரிதான்.

முள்வேலியா, கம்பி வலையா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏதாவது ஒன்று கட்டாயம். காட்டுமாடு தின்பதைவிடக் கன்றின் மேல் உடம்பைத் தேய்ப்பதில்தான் சேதம் அதிகம்.

கவாத்து

இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். கவாத்து என்றால் எங்கள் பக்கம் கூலிக்கு வருகிறவர்கள் எல்லா மரத்தையும் ஒரே மாதிரி கிராப் வெட்டிவிட்டுப் போவார்கள். பிளம்ஸுக்கும் பீச்சுக்கும் ஒரே கத்திரி. இரண்டில் ஒரு மரத்துக்கு அது சரி, இன்னொன்றுக்கு ஒரு வருஷ மகசூல் போச்சு.

விஷயம் இதுதான். பீச், போன வருஷம் வளர்ந்த குச்சியில் மட்டும் காய்க்கும். ஒரு தடவை காய்த்த இடத்தில் திரும்பக் காய்க்காது. பிளம்ஸ், இரண்டு மூன்று வருஷம் வயதான கிளையில் முளைக்கிற குட்டைக் குட்டைக் கொம்புகளில் காய்க்கும். அந்தக் கொம்பு நாலைந்து வருஷம் வேலை செய்யும்.

ஜனவரி முதல் வாரம், மரம் மொட்டையாக நிற்கும்போது ஒரு பீச் குச்சியைக் கையில் பிடித்துப் பாருங்கள். போன வருஷக் குச்சியின் தோல் வழவழப்பாக, வெயில் பட்ட பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக இருக்கும். கணுவுக்குக் கணு மூன்று மொட்டு: நடுவில் ஒல்லியாக, கூராக ஒன்று, இரு பக்கமும் உருண்டையாக, சாம்பல் நிறப் பஞ்சு போர்த்திய மாதிரி இரண்டு. கூரானது இலைக்கு. உருண்டை இரண்டும் பூவுக்கு, ஒரு மொட்டுக்கு ஒரு பூ. இந்த மூன்று மொட்டுக் கணு வரிசையாக இருக்கிற, பென்சில் தடிமனுள்ள, முழம் ஒன்று ஒன்றரை நீளமுள்ள குச்சிதான் காய்ப்புக் குச்சி. தீக்குச்சி மாதிரி மெலிந்தது காயைத் தாங்காது. கட்டைவிரல் தடிமனில் வானத்தைப் பார்த்து ஓடுகிறது இலையைத்தான் கொடுக்கும்.

அந்தக் குச்சிக்குக் கீழே, அதற்கு முந்தின வருஷப் பகுதியைப் பாருங்கள். தோல் பழுப்பாகிச் சொரசொரப்பாக இருக்கும், மொட்டே இருக்காது. போன வருஷம் காய்த்த இடம் அது. கத்திரி படாமல் விட்டால் ஒவ்வொரு வருஷமும் காய்ப்பு இப்படி நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். நாலே வருஷத்தில் பறிக்க ஏணி வேண்டும், பாரத்தில் கிளை முறியும், கீழெல்லாம் வெறும் கம்பு. எனவே பீச்சில் இரக்கமே கூடாது. போன வருஷக் குச்சிகளில் ஏறத்தாழ பாதியை எடுத்துவிடுவேன். நின்றவற்றையும் நீளமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைப்பேன். அடியிலிருந்து புதுத் தளிர் வந்தால்தான் அடுத்த வருஷத்துக் காய்க்கு இடம்.

இப்போது பிளம்ஸ் மரத்துக்கு வாருங்கள். மூன்று வருஷக் கிளையில் விரல் கணு நீளத்தில் குட்டையாக, மேலெல்லாம் வளையம் வளையமாகச் சுருங்கிய கொம்புகள் நிற்கும். பார்க்கக் காய்ந்த முள் மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் "இதெல்லாம் என்ன, குப்பை" என்று கையாலேயே ஒடித்து மரத்தைச் சுத்தம் பண்ணிவிடுவார்கள். நுனியில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிற மொட்டுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பூ இருக்கிறது. அந்தக் கொம்புதான் பிளம்ஸ். அதை ஒடித்தால் இந்த வருஷம் மட்டுமல்ல, அந்த இடத்தில் புதுசாக வளர்ந்து தேறும் வரை இரண்டு மூன்று வருஷம் போய்விடும். பிளம்ஸில் நான் எடுப்பது காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுகிறது, நடுவில் நேராக ஏறுகிற நீர்க்குச்சி, வெளிச்சத்தை மறைக்கிற கிளை. அவ்வளவுதான். நிழலில் இருக்கிற கொம்பு செத்துப்போகும், அதனால் வெளிச்சம் உள்ளே விழுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கொம்பு ரொம்பக் கிழடாகி, காய் சிறுத்தால் அந்தக் கிளையையே குறைத்துப் புதுக் கிளை விடலாம்.

கத்திரியை எடுப்பதற்கு முன்னால் மாமனார் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். "மொதல்ல எங்க காய்க்கும்னு பாரும்மா, அப்புறம் எங்க வெட்டணும்னு அதுவே சொல்லும்" என்பார். நானும் இப்போது கூலிக்கு வருகிற அண்ணனிடம் முதலில் கத்திரியைக் கொடுப்பதில்லை. சாக்பீஸ் கொடுத்து, வெட்டப்போகிற இடத்தில் கோடு போடச் சொல்வேன்.

சின்னக் கன்றுக்கு இரண்டிலும் ஒரே வடிவம்தான். நட்ட முதல் குளிர்காலத்தில் நடுத்தண்டை 60, 75 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும். மனசு கேட்காது, ஆனால் வெட்டத்தான் வேண்டும். பக்கத்தில் கிளைக்கிறதில் திசைக்கு ஒன்றாக மூன்று நான்கை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டால் நடுவில் திறந்த கிண்ணமாக மரம் அமையும். பீச் மூன்றாம் வருஷம் காட்டத் தொடங்கும், பிளம்ஸுக்கு நாலு ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும். பீச்சின் ஆயுசு 12, 15 வருஷம். பிளம்ஸ் அதற்கு இரண்டு மடங்கு நிற்கும்.

தழைச்சத்தை நாங்கள் இரண்டாகப் பிரிக்கிறோம். மொட்டு உப்பும்போது பாதி, காய் பிடித்த பிறகு பாதி. தொழு உரம் கவாத்து முடிந்த கையோடு.

காயைக் கழிப்பது

பூத்ததெல்லாம் காயாக நின்றால் சந்தோஷப்படாதீர்கள். ஒரு பீச் காய் நல்ல அளவுக்கு வர 30, 40 இலை உழைக்க வேண்டும். காயை விட்டுவைத்தால் எல்லாமே எலுமிச்சை அளவில் நின்று, கொட்டையும் தோலுமாக இருக்கும்.

எப்போது கழிப்பது என்பதுதான் சூட்சுமம். இந்தப் பழங்கள் ஒரே சீராகப் பெருப்பதில்லை. முதலில் வேகமாக வளரும். பிறகு சில வாரம் அப்படியே நின்ற மாதிரி தெரியும். அந்த நேரத்தில் உள்ளே கொட்டை கல்லாகிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் கடைசி ஒரு மாதத்தில் திடீரென்று ஊதிப் பெருக்கும். கல்லாவதற்கு முன்பே கழித்தால்தான் மிச்சக் காய்க்குப் பலன். இரண்டு காயைப் பறித்துப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். பிளேடு வழுக்கிக்கொண்டு போனால் நேரம் இருக்கிறது. நறுக்கென்று தட்டினால் பிந்திவிட்டது. பீச்சில் காய்க்குக் காய் அரைச்சாண் இடைவெளி, பிளம்ஸில் நாலு விரல். ஜோடியாக ஒட்டி நிற்பதில் ஒன்றை எடுங்கள். வீட்டில் மாமியார் இன்னமும் இந்த வேலை நடக்கும்போது தோட்டத்துப் பக்கம் வர மாட்டார், உதிர்ந்து கிடக்கிற காயைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது.

கொட்டை கல்லாகும் சமயத்தில் வறட்சியில் போட்டுவிட்டு அப்புறம் வாரி ஊற்றினால் சில வகைகளில் உள்ளே கொட்டை பிளந்துவிடும். வெளியே தெரியாது, காம்புப் பக்கம் ஓட்டை விழுந்து எறும்பு குடியேறும். அளவாக, விடாமல் தண்ணீர்.

நோய் என்று வந்தால் பீச்சுக்கு முக்கியமாக இலைச்சுருட்டை. தளிர் சிவந்து தடித்து, கொப்புளம் கொப்புளமாகச் சுருண்டு உதிரும். கண்ணுக்குத் தெரிந்த பிறகு எதைத் தெளித்தும் பயன் இல்லை. பூஞ்சாணம் குளிர்காலத்தில் பட்டையிலும் மொட்டுச் செதிலிலும் ஒளிந்திருந்து, மொட்டு விரியும்போது ஈரத்தில் உள்ளே புகுந்துவிடும். அதனால் இலை கொட்டியதும் ஒரு முறை, மொட்டு உப்புவதற்குமுன் ஒரு முறை 1 சதவீதப் போர்டோ கலவை. மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், மொத்தம் 10 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது. கலந்தபின் பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்கே தெளித்துத் தீர்த்துவிடுங்கள். இலை வந்த பிறகு பீச்சில் இதைத் தெளித்தால் இலையே கருகிவிடும்.

தண்டில் பிசின் வடிந்தால் அது ஒரே நோயின் அடையாளம் இல்லை. காயம், துளைப்பான் புழு, வேரில் தண்ணீர், எதனாலும் வடியும். காரணத்தைத் தேடிச் சரிசெய்து, சுரண்டி, அதே துத்தமும் சுண்ணாம்பும் கெட்டியாகக் குழைத்த போர்டோ பசை தடவ வேண்டும்.

பழ ஈ பெரிய எதிரி. மெத்தில் யூஜினால் என்ற, ஈயை இழுக்கிற மருந்து வைத்த பொறி ஆண் ஈயை மட்டும்தான் பிடிக்கும். பொறியைத் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. உதிர்ந்த பழத்தை அன்றாடம் பொறுக்கி ஆழமாகப் புதைப்பது அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுவதுதான் நிஜமான வேலை. குரங்குக்கும் மலை அணிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் நான் மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பங்கு அவர்களுக்கு என்று கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

பறிப்பதும் வாங்குவதும்

சிவப்பைப் பார்த்துப் பீச் பறிக்காதீர்கள். வெயில் பட்ட கன்னம் காயாக இருக்கும்போதே சிவந்துவிடும். சிவப்பில்லாத பகுதியின் அடி நிறத்தைப் பாருங்கள்: பச்சை போய் மஞ்சளோ பாலேடு நிறமோ ஆகியிருக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் அந்த இடம் மறுநாள் கறுக்கும். உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் திருகினால் பழுத்தது தானே கைக்கு வரும். ஒரே மரத்தை மூன்று நான்கு தடவையாகத்தான் பறிக்க முடியும். வண்டிக்காரத் தம்பி அவசரப்படுத்துவார். "அக்கா, திண்டுக்கல் போறதுக்குள்ள பிழிஞ்சிரும், செங்காயாவே எடுத்துருங்க" என்பார். அவர் சொல்வதும் நியாயம். வண்டிக்குச் செங்காய், வீட்டுக்கு மரத்தில் பழுத்தது.

பிளம்ஸின் மேல் மாவு பூசிய மாதிரி வெள்ளையாக இருப்பதை மருந்து என்று பயந்து துடைக்கிறவர்கள் உண்டு. அது பழத்தின் சொந்த மெழுகு. அது அழியாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று அர்த்தம். சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம். கொட்டை சதையோடு ஒட்டியிருப்பதும் கழன்று வருவதும் வகையைப் பொறுத்தது, பழுக்காததன் அடையாளம் இல்லை. முற்றி, ஆனால் பழுக்காமல் பறித்தது வீட்டுக்குப் போனால் மிருதுவாகும், சாறு கசியும், மணமும் கொஞ்சம் கூடும்; இனிப்பு மட்டும் ஏறாது. இனிப்பு மரத்தில் ஏறினதுதான். முற்றின செங்காயை வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வைத்தால் இரண்டு மூன்று நாளில் பதமாகும்.

காயாக இருக்கிற பீச்சை மட்டும் நேராக ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் சில நாள் கிடந்தால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே சாறில்லாமல் மாவு மாவாகிவிடும், பிறகு எதைச் செய்தாலும் திரும்பாது. வெளியே பழுக்க விட்டு, மணம் வந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளைக்குள் சாப்பிடுங்கள். தோல் ரோமம் பிடிக்காதவர்கள் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் முக்கினால் தோல் முழுசாக உரிந்து வரும். பிளம்ஸுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். அதன் தோலில் புளிப்பு அதிகம், உரித்தால் ஜாமில் சுவை இருக்காது.